தூக்குக்குண்டும் கோணப் புடலங்காயும்

தள்ளிப் படுடி. இன்னும் கொஞ்சம் தள்ளு. அந்தக் கைய விடு, இந்தக் கையப் புடிச்சுக்கோ. இறுக்காத, சும்மா மேல வச்சுக்கோ, போதும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அத்தைக்கு மாத்திரை நாள். போட்டாச்சு. தலை கிறுகிறுன்னு வர்றதுக்குள்ள கதைய முடிக்கணும். அதனால ஏன், எதுக்கு, எப்படின்னு நடுவுல நோண்டக் கூடாது. "ம்" மட்டும் கொட்டு. உன் "ம்" நின்னா என் கதையும் நின்னுரும். சரியா, தேனு?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கொல்லை இருந்துச்சாம். பெரிய கொல்லையெல்லாம் இல்ல. இந்த ரூமைப் போல மூணு போட்டா முடிஞ்சு போகும். அதுல ஒரு புடலைப் பந்தல், நாலு கத்திரிச் செடி, ஒரு பாத்தி கீரை. அந்தக் கொல்லைய ஒரு பொம்பள வச்சிருந்தா. பேரு செண்பகவல்லி. அவ்ளோ பெரிய பேரைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்கும். வல்லின்னு வச்சுக்குவோம்.

அந்த வல்லிக்கு ஒரு தம்பி. கொத்தனாரு. அவன் கட்டின சுவத்துல ஒரு நூல் கோணல் கண்டுபுடிக்க முடியாது. சட்டைய ஆணியில மாட்டினாக் கூட நேராத் தொங்குதான்னு ரெண்டு தடவை பாப்பான். அப்படி ஒரு பைத்தியம். அவனுக்கு ஒரு பொண்டாட்டி. மூணு பேரும் ஒரே வீட்ல.

அப்போ ஒரு மழை நாள்ல வாசல்ல டொக் டொக்னு ஒரு சத்தம். யாருன்னு போய்ப் பார்த்தா ஒரு கிழவி. பேரு என்னன்னா நோவு. "ஆத்தா, மழைக்கு ஒதுங்க எடம் வேணும். சுண்டு விரல்ல ஒரு ஓரமா ஒண்டிக்கிறேன், மூணு நாள்ல போயிடுறேன்"னா. வல்லியும் சுண்டு விரல்தானேன்னு விட்டுட்டா. மூணு நாளாச்சு, போகல. மூணு மாசமாச்சு, போகல. ஒரு நாள் பார்த்தா மோதிர விரலுக்கு மாறியிருக்கா. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் முட்டி. வீட்டுக்காரி மாதிரி ஒவ்வொரு ரூமா பாயை விரிச்சுப் போட்டுட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க டாக்டரம்மா சொல்றாங்க, "இவங்களை வெளிய அனுப்ப முடியாது, அடக்கி வேணா வைக்கலாம்"னு. வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை குடுத்தாங்க. அதப் போட்டா மறுநாள் பூரா குமட்டும். எந்திரிக்கவே முடியாது எனக்கு.

"உனக்கா அத்தை?"

அவளுக்கு. அவளுக்குன்னுதானே சொன்னேன்? "ம்" மட்டும் கொட்டுன்னா கேக்குறியா நீ?

"ம்."

அப்புறம் ஒரு சித்திரை மாசம். தம்பி பொண்டாட்டி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தா, வீட்ல அக்காவும் தம்பியும் மட்டும்தான். காலைல கீரைப் பாத்தியில களை எடுக்கலாம்னு வல்லி குத்தவச்சு உக்காந்தா. உக்காந்துட்டா. எந்திரிக்க முடியல. முட்டி ரெண்டும் பூட்டிக்கிச்சு. கைய ஊனலாம்னா மணிக்கட்டு மடங்குது. கூப்பிட்டுப் பார்த்தா. பக்கத்து வீட்ல மிக்சி ஓடுது, கர்ர்ர்ர். யாருக்குக் கேக்கும்? வெயில் ஏறுச்சு. உச்சிக்கு வந்துச்சு. அப்புறம் இறங்குச்சு. தம்பி சாயங்காலம் வேலை விட்டு வந்து பாக்குறான், அக்கா காலைல உக்காந்த எடத்துல அப்படியே உக்காந்திருக்கா. உதடு வெடிச்சுப் போச்சு. அவன் அவளை அள்ளித் தூக்கிட்டு உள்ள போனான். அன்னிக்கு ராத்திரி அவன் சோறு திங்கல.

மூணு மாசம் படுக்கை. கொல்லையில கத்திரி காஞ்சுது, கீரை காஞ்சுது. ஆடி பொறந்துச்சு. வல்லி சுவத்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா வெளிய வந்து பாக்குறா, கொல்லைக் கதவோரம் பத்து மூட்டை சிமென்ட் அடுக்கியிருக்கு.

"என்னடா இது?"ன்னா.

"கொல்லைய மூடப் போறேங்க்கா. வழவழன்னு தளம் போட்டுட்டா நீ ஒரு சேரைப் போட்டு நிம்மதியா உக்காரலாம்."

"உக்காந்து எதைப் பாக்குறது? சிமென்டையா?"

"நீ அன்னிக்குக் கெடந்த கோலம் என் கண்ணுலயே நிக்குது. எனக்குத் தாங்காது. மூடிடலாம்."

அவன் மேல கோவம் வருமா, வராதா? வந்துச்சு. ஆனா கோவப்படக் கூடத் தெம்பு வேணும்ல? வல்லிக்கு அது இல்ல. இந்த நோவு வந்த பிறகு அவகிட்ட மிச்சம் இருந்தது அந்தக் கொல்லை ஒண்ணுதான். சமைக்கிறது போச்சு, கோலம் போச்சு, தலைய அவளே பின்னிக்கிறது போச்சு. அதையும் மூடிட்டா, அப்புறம் அந்த ஒடம்புல நோவு மட்டும்தான் குடியிருப்பா. அதனால அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"ஒரு புடலங்காய். ஒண்ணே ஒண்ணு. விதை போட்டு, வளத்து, உன் தட்டுல வைக்கிறேன். அதுவரைக்கும் மூட்டையப் பிரிக்காத. வைக்க முடியலன்னா நீ மூடிக்கோ, நான் வாயத் திறக்கல."

"யாரையும் ஒத்தாசைக்குக் கூப்பிடக் கூடாது. கீழ உக்காரக் கூடாது. குடம் தூக்கக் கூடாது"ன்னான்.

"நீயும் கை வைக்கக் கூடாது"ன்னா.

"ம்."

அப்புறம் என்னாச்சு, முதல் கஷ்டம் வந்துச்சு. மண்ணு கீழ கெடக்கு, இவளால கீழ போக முடியாது. இவ போக முடியலன்னா மண்ணுதான் மேல வரணும். கொத்தனார் வீட்ல பெயின்ட் டப்பாவுக்கா பஞ்சம்? ஒரு பெரிய டப்பா, அடியில ஓட்டை விட்டது, மூலையில கெடந்துச்சு. துணி துவைக்கிற கல்லும் மிஷின் வந்த பிறகு சும்மாதான் நின்னுச்சு, இடுப்பு உயரம். காலி டப்பாவை ரெண்டு முழங்கையாலயும் அணைச்சுத் தூக்கிக் கல்லு மேல வச்சா. இப்போ மண்ணு போடணும். களைக்கொத்தை எடுத்தா, தொப்! கீழ விழுந்துருச்சு. காம்பு ஒல்லி. இவ விரல் அவ்வளவுக்கு மூடாது. என்ன பண்ணா? பழைய சைக்கிள் டியூபை எடுத்துக் காம்புல சுத்தோ சுத்துன்னு சுத்தினா. காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், ரெண்டு நாள் சுத்தினா. காம்பு வாழைத்தண்டு தடிமனுக்கு வந்துச்சு. இப்போ விரலை மூட வேணாம், சும்மா சுத்தி வச்சாலே நிக்கும்.

பந்தலோரம் பழைய எருக்குவியல் ஒண்ணு மேடா கெடந்துச்சு. முக்காலியப் போட்டு உக்காந்து அதைக் கொத்துவா, கர்ர் கர்ர். ஒரு கொட்டாங்குச்சிய ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல கும்பிடுற மாதிரி இடுக்கிக்கிட்டு மண்ணை அள்ளுவா. எந்திரிப்பா. டப்பாவுல கொட்டுவா. திரும்ப உக்காருவா. ஒரு நாளைக்குப் பத்துக் கொட்டாங்குச்சி. பதினொண்ணு போட்டா மறுநாள் படுக்கை, அது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. திங்கக்கிழமை வேலையே கெடையாது, மாத்திரை மயக்கம். டப்பா நிறைய எத்தனை நாளாச்சு தெரியுமா? பன்னெண்டு நாள். மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல முடிப்பாங்க. போகட்டும்.

விதையைப் போட்டா. ஏழாம் நாள் மண்ணைக் கீறிக்கிட்டு ரெண்டு இலை எட்டிப் பார்த்துச்சு.

"ம்."

அப்புறம் ரெண்டாவது கஷ்டம், தண்ணி. எல்லாரும் விடிகாலைல தண்ணி ஊத்துவாங்க. விடிகாலைல வல்லியோட விரல் எப்படி இருக்கும்? மடிச்ச குடை மாதிரி. பத்து மணி ஆகணும் விரிய. வெந்நியில முக்கி முக்கி எடுக்கணும். பத்து மணிக்குப் போனா, வெயில்ல ஊத்துனா செடி வெந்துரும்னு பக்கத்து வீட்டம்மா கத்துவாங்க. சரி, சாயங்காலம்னா அதுக்குள்ள இவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துரும், அப்படி ஒரு அசதி. ஒரு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு விளக்கு வச்ச பிறகு போனா. அதுக்கும், "விளக்கு வச்சாச்சு, செடி தூங்குது, தொடாத!"ன்னு அதே அம்மா. செடிக்குத் தூக்கம் இருக்கு, பாரு. இவளுக்குத்தான் இல்ல.

அப்போ வல்லி ஒரு சின்னக் கலயத்தை எடுத்தா. அடியில ஓட்டை. ஓட்டையில ஒரு துணித்திரியைத் திணிச்சு, டப்பாவுல செடிக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சா. பத்து மணிக்கு விரல் விரிஞ்சதும் தூக்குவாளியில அரை வாளி தண்ணி. கையில புடிக்கல, முழங்கையில மாட்டிக்கிட்டா. போயி கலயத்துல ஊத்தி மூடிட்டு வந்துருவா. அது உள்ள சொட்டு... சொட்டு... சொட்டுன்னு இறங்கும். "உனக்கு எப்போ வேணுமோ அப்போ குடிச்சுக்கோம்மா, என் நேரத்துக்கு உன்னை இழுக்கல"ன்னு செடிகிட்ட சொல்லிட்டு வந்து படுத்துக்குவா.

கொடி விறுவிறுன்னு ஏறுச்சு. பந்தல்ல படர்ந்துச்சு. வெள்ளை வெள்ளையா நூல் நூலாப் பூத்துச்சு. அப்புறம் ஒரு நாள் பார்த்தா மூணு பிஞ்சு! பச்சை வரி போட்டு, விரல் நீளத்துக்கு. வல்லி சேர்ல உக்காந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா. தாடை வலிச்சுது, ஆனாலும் சிரிச்சா.

"ம்..."

தூங்கிடாத, இனிமேத்தான் மூணாவது கஷ்டம். புடலம்பிஞ்சு நுனியில சின்னதா ஒரு கல்லை நூல்ல கட்டி விடணும், பார்த்திருக்கல்ல? அப்போதான் நேரா நீளும். இல்லன்னா சுருட்டிக்கும். கட்டணும்னா முடிச்சுப் போடணும். முடிச்சுப் போடணும்னா ரெண்டு விரல் நுனி சேரணும். வல்லியோட விரல் நுனி சேரவே சேராது. ஒரு தடவை பார்த்தா, கல்லு நழுவுச்சு, டக். ரெண்டாவது தடவை பல்லால நூலைக் கடிச்சு இழுத்தா, பல்லு கூசுச்சு, கல்லு டக். மூணாவது தடவை கைய மேல தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப் போச்சு, கல்லு டக்குனு அவ கால்லயே விழுந்துச்சு. அப்போ அழுதா. அதுவரைக்கும் அழாதவ, ஒரு முடிச்சுக்கு அழுதா. "சுருண்டுக்கோ, போ. நானும் உன்னை மாதிரிதான் ஆயிட்டேன்"னு விட்டுட்டு உள்ள வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டா.

நாலே நாள்ல பிஞ்சு மூணும் கொக்கி மாதிரி வளைஞ்சுருச்சு. தம்பி தினம் பல்லு வெளக்கப் போகும்போது பாக்குறான். அவனுக்கு மனசு அடிச்சுக்குது. கோணலைப் பார்த்தா அவனுக்குத் தூக்கமே வராதே! கை வைக்கக் கூடாதுன்னு வாக்கு வேற குடுத்திருக்கான். என்ன பண்றதுன்னு மூணு நாள் தவிச்சான். நாலாம் நாள் விடியக்காலைல, அக்கா எந்திரிக்கிறதுக்கு முன்னாடி, வேலைக்குக் கெளம்புற அவசரத்துல அவன் பைக்குள்ள கைய விட்டான். கையில என்ன வந்துச்சு, சொல்லு?

"கல்லா?"

தூக்குக்குண்டு! சுவரு நேரா நிக்குதான்னு நூல்ல கட்டித் தொங்க விடுவாங்களே, பம்பரம் மாதிரி, இரும்புல. அவன்கிட்ட புதுசு ஒண்ணு, பழசு ரெண்டு, மொத்தம் மூணு. ஒவ்வொண்ணும் அரை கிலோ. ஊர்ல எல்லாரும் கூழாங்கல்லு கட்டுவாங்க. இவன் கொத்தனாரு பாரு, பிஞ்சுக்குத் தூக்குக்குண்டு கட்டிட்டுக் கெளம்பிட்டான். பிஞ்சுங்க என்ன கான்கிரீட் தூணா?

பத்து மணிக்கு வல்லி வெளிய வர்றா. மொடுக்! ஒண்ணு விழுந்துச்சு. மொடுக்! ரெண்டாவது. ஓடிப் போய் ஏந்தலாம்னா இவளுக்கு ஓட்டம் எது? ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள, மொடுக்! மூணாவதும் போச்சு. தரையில மூணு பிஞ்சு, மூணு இரும்புக் குண்டு.

அங்க கட்டடத்துல அவன் சுவரு எழுப்பப் பையைத் திறக்குறான், தூக்குக்குண்டு இல்ல. அப்போதான் அவனுக்கு உறைச்சுது. வேலையப் போட்டுட்டு சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்தான். வந்து பாக்குறான், அக்கா சேர்ல உக்காந்து மடியில மூணு பிஞ்சையும் வச்சுக்கிட்டு இருக்கா.

"பாவி, எம் பிஞ்சைக் கொன்னுட்டியேடா"ன்னா.

"நேரா ஆகட்டும்னு..."ன்னான்.

"நேரா ஆகணும், நேரா ஆகணும்! எல்லாம் நேராத்தான் இருக்கணுமாடா? இந்த விரல்லயும் ஒரு குண்டைக் கட்டேன், நேராகுதான்னு பாப்போம்!"

அவன் அவ விரலைப் பார்த்தான். அந்த விரலை அவன் அதுவரைக்கும் நேராப் பார்த்ததே கெடையாது, தேனு. சோறு போடும்போது தட்டைப் பாப்பான், மருந்து குடுக்கும்போது டம்ளரைப் பாப்பான். அன்னிக்குத்தான் பார்த்தான். அப்படியே தரையில உக்காந்துட்டான்.

"...ம்."

அப்புறம் ஐப்பசி மழை வந்துச்சு. கொடி பழுக்க ஆரம்பிச்சுது. வல்லி எதையும் எதிர்பாக்கல. போச்சு, முடிஞ்சுதுன்னு ஒரு வாரம் எந்திரிக்கவே இல்ல. ஒரு நாள் மழை விட்டிருந்துச்சு. கலயத்தையாவது எடுத்து வைப்போம்னு போனா. இலையெல்லாம் உதிர்ந்து பந்தல் வெளுத்துக் கெடக்கு. அண்ணாந்து பாக்குறா, பந்தல் மூங்கிலை ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு ஒரு புடலங்காய்! இலைக்குள்ள ஒளிஞ்சு யார் கண்ணுலயும் படாம, கல்லும் இல்லாம, குண்டும் இல்லாம, அது பாட்டுக்கு முறுக்கிக்கிட்டு வளர்ந்திருக்கு. முழங்கை நீளம் இருக்கும். கண்ணுபடப் போகுது, அப்படி ஒரு கொழுப்பு.

மூங்கில்லேர்ந்து அதை உருவ முடியல. துவைக்கிற கல்லுல சாஞ்சு நின்னு கைய மேல நீட்டி, உள்ளங்கைக்கு நடுவுல இடுக்கி, துண்டு துண்டா ஒடிச்சு எடுத்தா. ஒரு மணி நேரமாச்சு. அடுப்படியில சேரைப் போட்டு உக்காந்து, பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சா. எத்தனை மாசம் கழிச்சு அவ கையால ஒரு கூட்டு! உப்பு கொஞ்சம் தூக்கல்தான். உப்பு டப்பா கையில நிக்காம கொட்டிருச்சு.

தம்பி சாப்பிட உக்காந்தான். தட்டுல பாக்குறான். அக்காவைப் பாக்குறான். கூட்டு மொத்தத்தையும் அவனே தின்னான். தின்னுட்டுக் கைய கழுவிட்டுக் கதவோரம் போயி அந்த சிமென்ட் மூட்டையைத் தட்டிப் பார்த்தான். டங் டங். பத்தும் மழையில நனைஞ்சு மூட்டைக்குள்ளயே கல்லா இறுகிப் போச்சு. கொத்தனாருடி அவன்! மழை பட்டா சிமென்ட் இறுகிரும்னு அவனுக்குத் தெரியாதா? ஒரு தார்ப்பாய் போட்டு மூட எவ்வளவு நேரம் ஆகும்? அவன் வேணும்னேதான் மழையில விட்டான்னு இன்னிக்கு வரைக்கும் நான் சொல்றேன். கேட்டா, "மறந்துட்டேங்க்கா"ம்பான்.

மறுநாள் வேலைக்குப் போகல. உயரத்துல ஒரு செடித்தொட்டி கட்ட, அந்த இறுகின மூட்டையை எல்லாம் பந்தலுக்கு அடியில சுத்தி வரிசையா அடுக்கினான். மேல ரெண்டு வரிசை செங்கல் வைக்கணும். "அக்கா, வா, முக்காலியில உக்காரு"ன்னான். உக்காந்தா. "கைய நீட்டு. எவ்வளவு தூரம் வலிக்காம நீளுதோ அவ்வளவுதான் நீட்டணும்." நீட்டினா. அந்த உயரத்துக்குக் கொத்துக்கரண்டியால ஒரு கோடு போட்டான். முழக்கோல் இல்ல, ரசமட்டம் இல்ல, தூக்குக்குண்டு இல்ல. அவ கைதான் அளவு. கட்டி முடிச்சா, தொட்டி ஒரு பக்கம் லேசாச் சாஞ்சிருந்துச்சு, அந்தப் பக்கம் அவ தோள் ஏறாதுல்ல, அதுக்காக. அவன் வாழ்நாள்ல கட்டின ஒரே கோணச் சுவரு அதுதான்.

"அத்தை... அது நம்ம வீட்டுத் தொட்டிதானே?"

ஊர்ல நூறு தொட்டி இருக்கும். கண்ணை மூடு.

அன்னிக்குச் சாயங்காலமே அவன் பொண்டாட்டி மூணு மாசப் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்லேர்ந்து வந்தா. வல்லி அந்தப் பாப்பாவைத் தொட்டுக் கூடப் பார்த்ததில்ல. அங்க தொட்டிலுக்குப் போட்ட அன்னிக்குப் போனவ, கைய மடியிலேயே வச்சுக்கிட்டு வந்துட்டா. நழுவிடுமோன்னு பயம். களைக்கொத்து நழுவின கைதானே அது. இப்பவும் தூரமாவே நின்னு பார்த்தா. அப்போ அந்தக் கொத்தனாரு என்ன பண்ணான் தெரியுமா? மண்ணு இன்னும் போடாத தொட்டிக்குக் குறுக்க ஒரு பலகையைப் போட்டான். மேல ஒரு பழைய சேலைய நாலா மடிச்சு விரிச்சான். பாப்பாவை வாங்கி அதுல படுக்க வச்சான். "அக்கா, உக்காரு"ன்னான்.

முக்காலியில உக்காந்தா. கைய நீட்டினா, வலிக்காத அளவுக்குத்தான் நீட்டினா. அங்க சரியாப் பாப்பா இருந்துச்சு. தூக்க வேணாம், குனிய வேணாம், புடிக்க வேணாம். ரெண்டு முழங்கையையும் ரெண்டு பக்கமும் அணை கொடுத்தா, பாப்பா நடுவுல வந்து அடங்கிக்கிச்சு. அது என்ன பண்ணுச்சு, அவ கோண விரலைப் புடிச்சு வாயில வச்சுக்கிச்சு. ஊஊன்னு எச்சில் வழிய ஒரே சப்பு. வலிச்சுது. வலிச்சா என்ன, அவ விரலை எடுக்கல.

"அப்புறம் நோவு... போயிட்டாளா?"

போகலடி. எங்க போவா? அங்கேயேதான் இருக்கா. சில நாள் சத்தம் போடுவா, சில நாள் தூங்குவா. அவ தூங்குற நாள்ல வல்லி பத்துக் கொட்டாங்குச்சி வேலை பார்ப்பா. பதினொண்ணு பார்க்க மாட்டா. நாளைக்குத் திங்கக்கிழமை, அவளுக்கு லீவு. நீ காலைல வந்து, அத்தை எந்திரி, கொல்லைக்குப் போகலாம்னு இழுக்காத, என்ன?

தேனு? "ம்" சத்தத்தையே காணோம்.

சரி. கொல்லைக் கதவைச் சாத்தியாச்சு, கலயத்துல தண்ணி ஊத்தியாச்சு, கதை அது பாட்டுக்குச் சொட்டிக்கிட்டுக் கெடக்கட்டும், தூங்கு. விரலை விடுறியா? வேணாம், வச்சுக்கோ. நீ அன்னிக்கும்தான் விடல.